சுண்ணாம்புத் தழும்பை அழிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, அப்பாவும் நானும் ஓடருக்குத் தளபாடம் செய்கிறோம். கனடாவிலிருந்து வந்த ஓர் அக்கா, தன் அப்பாவின் சாய்மனைக் கதிரையைத் திருத்தத் தந்திருக்கிறார். முதிரை மரம். 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்து, பிறகு வீடு திரும்பியபோது மிஞ்சிக் கிடந்த ஒரே தளபாடமாம். பின்கால் ஒன்று ஆடுகிறது. யாரோ ஆணி அடித்து இரும்புத் தகடும் வைத்திருக்கிறார்கள். பிரம்பு தொய்ந்துவிட்டது. வலது கைப்பிடியின் நுனி குழிந்து, வெள்ளைக் கறை ஏறியிருக்கிறது. அது வெற்றிலைச் சுண்ணாம்பு என்கிறார் அப்பா. அந்த அக்காவோ, “மெஷினால் தேய்த்து ஸ்ப்ரே அடித்துப் புதிசு மாதிரித் தா, ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகப் போகிறேன்” என்கிறார். அப்பாவுக்கு மனமில்லை. நான் என்ன செய்வது? இந்த மாதிரி வேலைக்குக் கூலி எப்படிக் கேட்பது?

பதில்:

தம்பி, மெஷினை இன்னும் தொடவில்லைத்தானே? நல்லது. முதலில் அந்தக் கைப்பிடி நுனியைப் பகல் வெளிச்சத்தில் கிட்டவாகப் படம் பிடித்து அந்த அக்காவுக்கு அனுப்புங்கள். “அக்கா, இதையும் தேய்த்து எடுக்கவா?” என்று மட்டும் கேளுங்கள். வேறு விளக்கம் வேண்டாம். ‘புதிசு மாதிரி’ என்று சொல்லும் ஆக்கள் பெரும்பாலும் அழுக்கையும் ஆட்டத்தையும் நினைத்துத்தான் சொல்கிறார்கள். தங்கள் அப்பா ஒவ்வொரு நாளும் சுண்ணாம்பு விரலைத் துடைத்த இடமும் அதோடு சேர்ந்து போய்விடும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தெரிந்தபிறகும் தேய்க்கச் சொன்னால் தேயுங்கள், கதிரை அவருடையது. ஆனால் கேட்காமல் தேய்த்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

முதிரையை மெஷினால் தேய்க்கக்கூடாது என்பதற்கு மரமே ஒரு காரணம் சொல்லும். புதிதாக அறுத்த முதிரை வெளிர்மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் கைபட்ட எண்ணெய்ப்பசையும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில்தான் அது தேன் நிறத்துக்கு வரும். அந்த நிறம் மேல்தோலில் மட்டுமே இருக்கிறது. மெஷின் அதைச் சில நிமிடத்தில் எடுத்துவிடும். பிறகு எந்தச் சாயம் பூசினாலும் சாயம் பூசிய மரமாகத்தான் தெரியும்.

சரி, அழுக்கை எப்படி எடுப்பது? பழைய பூச்சு என்னவென்று முதலில் பாருங்கள். இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பூச்சு இளகி விரலில் ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். அந்தக் காலத்துக் கதிரைகளில் அதுதான் வழமை. அப்படியானால் உங்களுக்கு வேலை பாதி குறைந்துவிடும். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் பழைய மெழுகும் கை அழுக்கும் கறுப்புக் கறுப்பாக வந்துவிடும், அரக்கு அப்படியே இருக்கும். பிறகு ஸ்பிரிட்டில் நன்றாக ஐதாக்கிய அரக்கைத் துணிப்பொட்டலத்தில் தோய்த்து இரண்டு மூன்று தரம் ஒற்றினால் பழைய பூச்சு தானே இளகி ஒன்றாகச் சேரும். ஒரு எச்சரிக்கை: வானம் இருட்டிக்கொண்டு வரும் நாளில் பொலிஷைத் தொடவேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு பால் போல வெளுத்துவிடும். கார்த்திகையிலும் மார்கழியிலும் நல்ல வெயில் நாளுக்குக் காத்திருங்கள். கடைசியில் தேன்மெழுகு. மெழுகை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்புக்குத் தூரமாகக் கொண்டுபோய்த்தான் டர்பன்டைன் கலக்கவேண்டும்.

இனி ஆடும் கால். இதில்தான் உங்கள் கைவேலை முழுவதும் இருக்கிறது. ஆணியும் தகடும் முதலில் வெளியே வரவேண்டும். துருப்பிடித்த ஆணியை நேரே நெம்பினால் மரம் சிராய்த்து வரும். சோல்டரிங் அயனின் நுனியைத் தலையில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, பிறகு மெல்லப் பிடியுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பொருத்தைப் பிரித்துப் பார்த்தால், கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருக்கும் மரமுனை, முறிந்திருப்பதையோ அந்தக் காலத்துப் பசை காய்ந்து தூளாகி இருப்பதையோ காண்பீர்கள். கழுந்து முறிந்தால் கால் முழுவதையும் மாற்றாதீர்கள். முறிந்ததைச் சமனாக அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் துளை எடுத்து, புதிய கழுந்தொன்றைத் தனியாகச் செய்து செருகுங்கள். அதுவும் முதிரையாகவே இருக்கட்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கதவுநிலைத் துண்டுகள் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரம் என்பதால் இனித் திருகாது. பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்காமல் புதுப்பசை வைத்தால் பிடிக்காது. இதில் அவசரப்படவே கூடாது.

என்ன பசை என்று கேட்பீர்கள். கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை நல்ல பலம்தான். ஆனாலும் இந்தக் கதிரைக்கு நான் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப்பசையைத்தான் வைப்பேன். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகும், பொருத்தை உடைக்காமல் திரும்பப் பிரிக்கலாம். இந்தக் கதிரை போகப்போவது ரொறன்ரோவுக்கு. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடி, காற்று நம் கோடைச் சோளகக் காற்றைவிட வறண்டுபோகும். மரம் சுருங்கும், பொருத்து கொஞ்சம் தளரும். பத்து வருடம் கழித்து அங்கே யாரோ ஒருவர் அதைத் திறக்கவேண்டி வரும். அவருக்கு நீங்கள் ஒரு வழி விட்டுவைக்கிறீர்கள். இரும்புத் தகடு வைத்து இறுக்கினால் அந்த வழி அடைபடும்.

மரம் சுருங்கும் என்பதை நான் பட்டுத்தான் படித்தேன். எனக்கு உங்கள் வயதிருக்கும். ஒரு மார்கழியில், மழை விடாமல் பெய்த கிழமையில், அகலமான சாப்பாட்டு மேசை ஒன்றைச் செய்து முடித்தேன். பலகையைச் சட்டத்தோடு சுற்றிவர ஸ்க்ரூ வைத்து, அசையாமல் இறுக்கிக் கொடுத்தேன். ஆனி மாதம், சோளகம் வீசத் தொடங்கி இரண்டாம் கிழமை, வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். பலகை நடுவால் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் இரண்டு ரூபாய்க் குற்றியைச் செருகினால் நின்றது. மரம் நீளப்பாட்டில் அசையாது, அகலப்பாட்டில்தான் மாரிக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கும். நான் அதற்கு இடம் விடவில்லை. அந்த வீட்டார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பிரம்பு அறுந்திருக்காமல் தொய்ந்து மட்டும் இருந்தால் மாற்றவேண்டாம். கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் ஒரு இரவு விடுங்கள். காயும்போது இழுத்துக்கொள்ளும். இழைகள் அறுந்திருந்தால் முழுப்பின்னலும் புதிதாகத்தான் போடவேண்டும், பின்னுகிறவரிடம் கொடுங்கள்.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கழுந்துக்கு அறுக்கும்போது முகமூடி போடுங்கள், வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள்.

கூலி விடயத்துக்கு வருகிறேன். புதுக் கட்டிலுக்கு மரத்தின் விலையை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். திருத்த வேலைக்கு அது சரிவராது, ஏனென்றால் உள்ளே போகும் மரம் ஒரு சாண் துண்டுதான். நாள்தான் போகும். பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு தொகை சொல்லி முதலில் வாங்குங்கள். பிரித்தபிறகு, உள்ளே இருப்பதைப் படத்தோடு காட்டி, மிச்ச வேலைக்கு எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள். ஒட்டிய பொருத்து இறுகக் காயும் நாளில் கதிரையில் கை வைக்க முடியாது, ஆனால் உங்கள் கொட்டிலில் இடம் பிடித்து நிற்கும். அதற்கும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால், அடுத்த கதிரைக்கு நீங்களே மெஷினைத் தேடிப்போவீர்கள்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு நம் வலிகாமப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் கதவும் ஜன்னலும்கூட மிஞ்சவில்லை. அந்த நாட்களைத் தாண்டி வந்த கதிரை இது. அனுப்புமுன் உங்கள் அப்பாவை அதில் இருத்துங்கள். சாய்ந்து, காலை நீட்டி, கைப்பிடிகளை ஊன்றி எழும்பச் சொல்லுங்கள். நீங்கள் பின்காலடியில் குந்தியிருந்து காது கொடுங்கள். சின்னதாக ஒரு ‘கிரீச்’ கேட்டாலும் மறுபடி பிரியுங்கள்.