ஓகேயூ கார்டு கையில் இருக்கிறது, சட்டம் என்ன செய்யும்?

ஓகேயூ என்பது மலேசியாவில் உடல், மனக் குறைபாடு உள்ளவர்களைக் குறிக்கும் பெயர்; அப்படிப் பதிந்தவர்களுக்குச் சமூக நலத் துறை கொடுப்பதுதான் ஓகேயூ கார்டு. அதைப் பற்றிச் சுங்கை சிப்பூட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. வக்கீல் அலுவலகத்தில் தொழிலாளர் வழக்குகளைப் பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அக்கா பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

அக்கா, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். வேலையில் லோரியிலிருந்து விழுந்ததில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. "உன்னால் இனி ஆகாது, வேலையை விட்டு நிற்கிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார் மெனேஜர். ஓகேயூ சட்டப்படி இது தப்புதானே?

தம்பி, முதல் வேலையாக, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே விலகியதாகக் கடிதம் போய்விட்டால், அப்புறம் உங்களை நீக்கினார்கள் என்று நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில் விழும்.

நீங்கள் சொல்வது 2008-ஆம் ஆண்டின் 685-ஆம் எண் சட்டம். மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் வேலை பெற உரிமை உண்டு என்று அதன் 29-ஆம் பிரிவு சொல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். மீறுகிற முதலாளிக்கு என்ன தண்டனை என்று தேடினால் ஒரு வரி கூட இல்லை. போதாததற்கு, அரசாங்கத்தின் மேல் வழக்குப் போகாமல் 41-ஆம் பிரிவு வேலி கட்டியிருக்கிறது. பல்லே முளைக்காத சட்டம் என்று நான் சொன்னால் சில வக்கீல்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அதனால் வேறு சட்டங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலையில் அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் கிளினிக் சீட்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். எம்சி நான்கு நாளாவது இருந்தால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கை முழுதாகத் திரும்பாவிட்டால் மருத்துவக் குழு இழப்பை மதிப்பிடும். அது 20 விழுக்காட்டைத் தாண்டினால் மாதாமாதம் பணம் வாங்கும் வழி திறக்கும்.

அங்கேயே, அடிபட்டவரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவரும் 'ரிட்டர்ன் டு வொர்க்' திட்டத்தையும் கேளுங்கள். 2007-இலிருந்து நடக்கிறது. ஒரு கேஸ் மெனேஜர் தோட்டத்துக்கே வந்து, இந்தக் கையோடு நீங்கள் என்ன வேலை செய்யலாம் என்று நிர்வாகத்தோடு பேசுவார். நாற்றங்காலில் பாலிதீன் பையைப் பார்ப்பது, வந்த குலையைக் கணக்கு எழுதுவது, இதற்கெல்லாம் தோளைத் தூக்க வேண்டியதில்லை. மெனேஜருக்கு இது தோன்றாமலா இருக்கும்? கேட்க ஆள் இல்லை என்ற தைரியம்தான்.

அப்படியும் நீக்கிவிட்டால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில், தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுக்க வேண்டும். தீபாவளி முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று இருந்து இதைக் கோட்டைவிட்டவர்கள் நம்மில் நிறைய பேர்.

வேலை போனால் தோட்டத்து வீடும் போகுமே, அதற்கு?

வீட்டுக்கென்று ஓகேயூ சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. வழக்கு நடக்கிறவரை அவகாசம் கேட்டு, சங்கம் மூலமாக எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

மகளுக்குக் காது கேட்காது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கடை வேலைக்கு இண்டர்வியூ போனபோது கார்டைப் பார்த்ததும் "பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்கள். வழக்குப் போடலாமா?

அம்மா, போடலாம் என்று சொல்லி உங்களை அலைக்கழிக்க மனசு வரவில்லை. அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் என்று பாகுபாட்டுக்குக் காரணங்களைப் பட்டியல் போடுகிறது. பாலினம் 2001-இல்தான் அதில் சேர்ந்தது. ஊனம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. 2023 ஜனவரியில் வேலைச் சட்டத்துக்குள் வந்த 69எஃப் பிரிவு பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும், ஆனால் அது வேலையில் இருக்கிறவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு உதவாது.

அடுத்த இண்டர்வியூவுக்கு ஒன்று செய்யுங்கள். ஓகேயூவுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் சொல்லச் சொல்லுங்கள். சின்னக் கடைக்காரர் பலருக்கு இது தெரியாது.

தம்பிக்குக் கார்டு எடுக்க அம்மா விடமாட்டேன் என்கிறார். "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வீட்டில் இப்படி ஒருத்தன் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார்.

அம்மாவைத் திட்டாதே. வரன் பேச வந்தவர்கள் பாதியில் எழுந்து போனதை அவரும் பார்த்திருப்பார். பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் கார்டு வீட்டுக்குள்ளே இருக்கிற ஒன்று, வாசலில் மாட்டும் போர்டு இல்லை. அது இல்லாமல் சமூக நலத் துறையின் உதவித்தொகைக்கு மனுவே போட முடியாது. தோட்டத்தில் ஒளித்து வைத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: பதிவில் இல்லாத பிள்ளையை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்காது. "இங்கே அப்படிப்பட்டவர்கள் இல்லையே" என்று அதிகாரி எழுதிவிட்டுப் போவார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தம்பியைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம், சட்டம் அல்ல.

பையனுக்கு ஆட்டிசம். பள்ளியில் "இங்கே ஆசிரியர் இல்லை, வேறு இடம் பாருங்கள்" என்கிறார்கள்.

கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். சேர்க்க மறுக்கிற பள்ளிக்கு? அந்தப் பிரிவில் ஒன்றும் காணோம். இந்த வேடிக்கையைத் தலைமையாசிரியரிடமே சொல்லுங்கள், மரியாதையாக. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற ஸீரோ ரிஜெக்ட் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் கொண்டுவந்தது. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகம் போகலாம். கடிதம் கேட்டதுமே பேச்சு மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோயிலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டோம், ஆனால் யாராலும் ஏற முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குப் போட்டது போல இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். உங்கள் வாசல் இரண்டடி என்றால் 24 அடி, நேராக இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு தளம் வைத்துத் திருப்புங்கள். கொத்தனாரைக் கூப்பிடும் முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள், நாற்காலியில் வருகிற ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.