ஒரே தூளில் இரண்டு காலங்கள்: எதை நம்புவது?

கேள்வி: வண்டல் பாறையில் 300 மீட்டர் துளையிட்டோம். மேல் 250 மீட்டருக்குத் துளைத்தூள் மட்டுமே கிடைத்தது. கடைசி 50 மீட்டருக்கு கோர், அதாவது உடையாத உருளைப் பாறை மாதிரி, எடுத்திருக்கிறோம். 210 மீட்டர் தூளில் ஆர்புலினா, குளோபோட்ரங்கானா என்ற இரண்டு ஃபோராமினிஃபெரா (கடலில் வாழும் ஒற்றைச் செல் நுண்ணுயிரி) ஓடுகளும் சேர்ந்தே இருக்கின்றன. பாறையின் வயது என்ன? கார்பன் சோதனை உதவுமா?

பதில்: கார்பனை மறந்துவிடுங்கள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது எட்டாது. உங்கள் சிக்கலோ கோடிக்கணக்கில் இருக்கிறது. உருண்டையான ஆர்புலினா தோன்றியது சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இன்றும் கடலில் வாழ்கிறது. குளோபோட்ரங்கானாவோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தின் முடிவோடு மறைந்துவிட்டது. இரண்டும் ஒரே கடலில் நீந்தியிருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே ஒன்று விருந்தாளி. எது என்பதுதான் கேள்வி.

துளையின் சுவர் இடிந்து, மேலேயுள்ள அடுக்கின் ஓடுகள் கீழே விழுந்து தூளோடு கலப்பது அன்றாடம் நடப்பது. அப்படியானால் ஆர்புலினா மேலிருந்து வந்தது, பாறை கிரிட்டேசியஸ். ஆனால் பழைய பாறை அரிக்கப்பட்டு, அதன் ஓடுகள் பிற்காலக் கடலில் மறுபடியும் படிவதும் உண்டு. அப்படியானால் பாறை இளையது, குளோபோட்ரங்கானாதான் இரவல்.

ஓட்டை உற்றுப் பாருங்கள். இரவல் ஓடு பெரும்பாலும் தேய்ந்து, உடைந்து, மற்றவற்றிலிருந்து நிறம் மாறி, எண்ணிக்கையில் அரிதாக இருக்கும். குளோபோட்ரங்கானா நல்ல நிலையில், மற்ற கிரிட்டேசியஸ் இனங்கள் புடைசூழ, கீழே போகப்போகப் பெருகினால் அதுதான் சொந்தக்காரன். தூளிலேயே ஒரு கெட்டியான சில்லை எடுத்துக் கழுவி, அதை உடைத்து உள்ளே எது இருக்கிறதென்று பார்ப்பதும் நல்லது. தளர்ந்து கிடக்கும் ஓட்டைவிட அந்தச் சாட்சி மேல். ஆனால் சில்லே மேலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம் என்பதால், அந்த ஆழத்தின் பாறையோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

தூளை வைத்து ஒன்றை மட்டும் ஓரளவு துணிந்து சொல்லலாம்: கீழே இறங்கும்போது ஓர் இனத்தை முதலில் சந்திக்கும் ஆழம், அதாவது அந்த இனம் அழிந்துபோன மட்டம். அது தோன்றிய மட்டத்தைத் தூளில் தேடாதீர்கள். இடிந்து விழுந்தவை அதை மறைத்துவிடும். அதற்குத்தான் கோர்.

கோரிலும் வெளிப்புறத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். துளையிடும் சேறு விளிம்பில் ஊறியிருக்கும். முதலில் ஓரிரு மீட்டர் இடைவெளியில் பார்த்து, இனங்கள் மாறும் இடத்தில் நெருக்குங்கள். 63 மைக்ரான் சல்லடையில் கழுவுவது வழக்கம். ஒவ்வொரு மாதிரிக்கு முன்பும் சல்லடையை மெதிலீன் நீலச் சாயத்தில் முக்கிவிடுங்கள்: முந்தைய மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்ட ஓடு நீலமாகிக் காட்டிக்கொடுக்கும். மலிவான தந்திரம், பல அவமானங்களைத் தவிர்க்கும்.

புதைபடிவம் தருவது வரிசை, எண் அல்ல. எண் வேண்டுமென்றால் கோரில் எரிமலைச் சாம்பல் படலம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் சிர்கான் படிகங்களில் யுரேனியம் காரீயமாக மாறிய அளவு வயதைச் சொல்லும். சாம்பல் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 1968இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் துளையிட்டபோது, நடுக்கடல் முகட்டிலிருந்து விலக விலக அடிவண்டலின் வயது கூடுவதை நுண்புதைபடிவங்களே காட்டின. கடல்தரை விரிகிறது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

கோரில், 260 மீட்டரிலோ 280 மீட்டரிலோ, நடுப்பகுதியில் ஒரே ஓர் ஆர்புலினா உறுதியாகக் கிடைத்தாலும் அதற்கு மேலுள்ள 210 மீட்டர் பாறையும் 1.5 கோடி ஆண்டுகளைவிட இளையது என்று எழுதலாம். அடுக்குகள் கவிழவோ பிளவால் இடம்பெயரவோ இல்லை என்று பார்த்துக்கொண்டு. கிடைக்கவில்லை என்றால், அதை மட்டும் வைத்துப் பழையது என்று எழுதிவிடாதீர்கள். ஆழமற்ற கடலிலும் ஆர்புலினா அரிதுதான்.