திட்டம் ஒருவர் கையில், சாவி இன்னொருவர் கையில்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஆப்பிரிக்கக் குறிப்புகளை விடாமல் வாசிப்பவன் நான். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து மேலாளராக ஓய்வு பெற்றேன். என் அண்ணன் மகள் பொருளாதாரம் படித்தவள், பல வருடமாக வெளிநாட்டில் இருக்கிறாள். சென்ற மாதம் அடிஸ் அபாபாவில் ஐ.நா. அமைப்பு ஒன்றில் ‘பொருளாதார ஆளுகை, திட்டமிடல்’ குழுவுக்குத் தலைமைப் பொறுப்பு கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், “பாப்பாவுக்கு என்ன வேலை?” என்று. “ஐ.நா.வில் பெரிய வேலை” என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் போனில் அவளிடமே கேட்டேன். “சித்தப்பா, எந்த நாட்டுக்கும் நான் உத்தரவு போட முடியாது. கேட்டால் யோசனை சொல்வேன், அவ்வளவுதான்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் பி.டி.ஓ. கையெழுத்துப் போட்டால் ஒரு சாலையாவது வரும். உத்தரவு போட முடியாத பதவிக்குத் தலைமை என்று ஏன் பெயர்? ஏசி அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவதுதானா? அதை யாராவது படிக்கிறார்களா? இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு வரி கிடையாதாமே, உண்மையா?

அன்புடன்,
ஆர்., திருச்செங்கோடு

*

அன்புள்ள ஆர்.,

படிக்கிறார்களா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட குழுக்களின் அறிக்கைகளைச் செப்பனிடும் ஒப்பந்த வேலையில் மூன்று வருடம் ஆப்பிரிக்காவில் இருந்தவன் நான். 200 பக்க அறிக்கையில் முன்னுரையையும் வரைபடங்களையும் தாண்டிப் போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் உங்கள் மகளின் வேலை அந்த அறிக்கை அல்ல. அது வேலை முடிந்தபிறகு விழும் உமி.

அடிஸ் அபாபா, ஐ.நா. என்றால் அது அநேகமாக ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமாக இருக்கும். 1958இல் தொடங்கியது, 54 நாடுகள் உறுப்பினர்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963இல் பிறந்ததே இந்த ஆணையத்தின் மண்டபத்தில்தான். சரி, வரலாறு போதும். வேலைக்கு வருகிறேன்.

உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம், ஏனென்றால் கணக்குத் தலைப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மேடையில் அமைச்சர் ஒரு பாலம் அறிவிப்பார். கைதட்டல் கேட்கும். மறுநாள் அலுவலகத்தில் நீங்கள் தேடுவது எதை? அரசாணை எண், நிதி ஒதுக்கீடு, எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது. தலைப்பு இல்லையென்றால் பாலம் இல்லை. இதை அப்படியே ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுவது ஓர் அமைச்சகம், பட்ஜெட் போடுவது இன்னோர் அமைச்சகம். முதலாவது கனவு காணும், இரண்டாவது சாவியை வைத்திருக்கும். இரண்டுக்கும் கட்டிடம் வேறு, மென்பொருள் வேறு, வகைப்பாடு வேறு. திட்டத்தில் ‘மனிதவள மேம்பாடு’ என்று ஒரு தூண் இருக்கும். பட்ஜெட்டில் அப்படி ஒரு சொல்லே இருக்காது, சம்பளம், பெட்ரோல், கட்டிடப் பராமரிப்பு என்றுதான் இருக்கும். 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அதை எட்டவில்லை. எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட பேனா வேறு, பட்ஜெட் எழுதிய பேனா வேறு.

போதாக்குறைக்கு இலக்குகள் வேறு குவிந்துவிட்டன. 2015 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ‘2063’ என்ற நீண்டகாலத் திட்டத்தை ஏற்றது, அதில் 20 இலக்குகள். அதே வருடம் செப்டம்பரில் ஐ.நா. 17 இலக்குகளை ஏற்றது. ஒரு சின்ன நாட்டின் திட்ட அமைச்சகத்தில் இதற்கென்று நான்கு பேர் இருந்தால் அதிகம். அந்த நான்கு பேர் சொந்தத் திட்டத்தையும் எழுதி, இந்த இரண்டு பட்டியலோடும் பொருத்தி, இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அறிக்கை அனுப்ப வேண்டும். ஆணையம் இதற்காக ஒரு மென்பொருளே செய்து கொடுத்திருக்கிறது. உருப்படியான காரியம் அது என்பது என் எண்ணம்.

தலைமை என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாட்டின் பெயரும் அமைப்பின் பெயரும் வேண்டாம்.

ஒரு தலைநகர ஓட்டலில் மூன்று நாள் ஒர்க்‌ஷாப். எங்கள் குழுவின் தலைவர் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்மணி, ஐம்பதை ஒட்டிய வயது, மெல்லிய குரல். திட்ட அமைச்சகத்து ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள், கையில் அட்டைபோட்ட திட்டப் புத்தகம், அட்டையில் ஜனாதிபதியின் படம். நிதி அமைச்சகத்து நாற்காலிகள் முதல்நாள் முழுக்கக் காலி. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு பட்ஜெட் பிரிவிலிருந்து ஒருவர் மட்டும் வந்தார். “அது எங்கள் ஆவணம் அல்ல” என்று திட்டப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு அரிசிச் சோறும் கோழியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மையார் தயாரித்து வைத்திருந்த 40 ஸ்லைடுகளையும் மூடிவிட்டார். திட்டத்திலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் பலகையில் எழுதினார்: கிராமச் சுகாதார நிலையங்களுக்குக் குடிநீர். “இதற்குப் பட்ஜெட்டில் எங்கே பணம் இருக்கிறது என்று நாம் எல்லோருமாகத் தேடுவோமா?” என்று கேட்டார். எக்ஸெல் திறந்தது. கட்டிடம் சுகாதாரத் துறைத் தலைப்பில் இருந்தது. ஆழ்துளைக் கிணறு நீர்வளத் துறையில். பம்பு ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில், அது பட்ஜெட்டுக்குள்ளேயே வராதது. பம்பு ஓட டீசல்? மாலை நாலு மணிவரை தேடினோம். எங்கேயும் இல்லை. அப்போதுதான் அந்த பட்ஜெட் ஆசாமி எழுந்து வந்தார். “டீசலுக்குத் தலைப்பே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் ஜூலையில் எனக்குக் கடிதம் வருகிறது” என்று சொல்லி, பேனாவை வாங்கிப் பலகையில் அவரே கட்டம் போட ஆரம்பித்தார். அம்மையார் மெல்லப் பின்வரிசைக்குப் போய் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கட்டத்தை நாங்கள் நான்கு பக்கக் குறிப்பாக எழுதினோம். கடைசி வரைவில் எங்கள் அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் அவர் எடுத்துவிட்டார். குறிப்பு நிதி அமைச்சகத்தின் பெயரிலேயே போனது. இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து திருத்திய எனக்கு எரிச்சல். அடுத்த வருட பட்ஜெட் சுற்றறிக்கையில் ஒரு வரி வந்தது, ஒவ்வொரு துறையும் தன் கோரிக்கைக்குப் பக்கத்தில் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரிசை எண்ணையும் குறிப்பிட வேண்டும் என்று. ஒரே ஒரு வரி. மூன்று வருடத்தில் நான் பார்த்த பெரிய வெற்றி அதுதான்.

அமைச்சர் மாறியதும் அந்த வரி போய்விட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உத்தரவு போட முடியாதது பெரிய பொருளாதார அறிஞர்களையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. 1979இல் நோபல் பெற்ற ஆர்தர் லூயிஸை 1957இல் புதிதாக விடுதலை பெற்ற கானாவுக்கு ஐ.நா. ஆலோசகராக அனுப்பியது. தலைநகர் அக்ராவை அலங்கரிப்பதில் பணம் கரைகிறது, நாட்டின் மற்ற பகுதிகள் காய்கின்றன என்று லூயிஸ் வாதாடினார். உங்கள் யோசனை பொருளாதார நோக்கில் சரிதான், ஆனால் நான் அரசியல்வாதி, எதிர்காலத்தின் மேல் பந்தயம் கட்டியாக வேண்டியவன் என்ற பொருளில் கானாவின் பிரதமர் நிக்ரூமா பதில் எழுதினார். லூயிஸ் 1958 முடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டார். நிக்ரூமாவின் பதிலில் ஒரு நேர்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஓட்டு வாங்கியவர் அவர்தானே.

ஆணையத்தின் செயலாளராக 1975 முதல் 1991 வரை இருந்த நைஜீரியர் அடெபாயோ அடெடேஜி வேறு மாதிரி. சொந்தக் காலில் நிற்போம் என்று 1980இல் ஆப்பிரிக்க நாடுகள் ஏற்ற லாகோஸ் செயல்திட்டத்தின் பின்னால் இருந்தவர். அடுத்த வருடமே உலக வங்கி நேரெதிர் மருந்துச்சீட்டோடு வந்தது: அரசு சுருங்கட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும். பணம் வங்கியிடம் இருந்தது, ஆணையத்திடம் வாதம் மட்டும்தான். அந்த இருபது வருடத்தில் பல நாடுகளில் திட்ட அமைச்சகங்கள் நிதி அமைச்சகத்தின் மூலையில் ஒரு பிரிவாகச் சுருங்கின. அடெடேஜி விடவில்லை, 1989இல் ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார். 1999இல் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும், வறுமை ஒழிப்புத் திட்டத்தை இனி நாடுகளே எழுதட்டும் என்றன. பாதி இறக்கம்தான், ஆனாலும் இறக்கம். திட்டமிடல் என்ற சொல் மறுபடி பதவிப் பெயர்களில் வருவதற்கு அந்தத் திருப்பமும் ஒரு காரணம்.

‘ஆளுகை’ என்ற பாதியைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும் நீங்கள், விட்டுவிட்டீர்கள். மணல் லாரி நினைவிருக்கிறதா? நடைச்சீட்டில் மூன்று யூனிட், லாரியில் ஐந்து. தென்னாப்பிரிக்க முன்னாள் ஜனாதிபதி தாபோ எம்பெக்கி தலைமையிலான ஒரு குழு 2015இல் கொடுத்த அறிக்கை, சட்டவிரோதமாக ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறும் பணம் வருடத்துக்கு 50 பில்லியன் டாலருக்கும் மேல் என்றது. அந்தக் குழுவுக்கு எழுத்துவேலையும் கணக்குவேலையும் செய்தது இந்த ஆணையம். பெரும்பகுதி நடைச்சீட்டுக் கதைதான். விற்ற நாட்டின் சுங்கக் கணக்கையும் வாங்கிய நாட்டின் சுங்கக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலையோ எடையோ ஒத்துப்போகாது. வித்தியாசம் முழுவதும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது, கப்பல் கூலி, காப்பீடு, வழியில் கைமாறுவது எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

எண்ணே வழுக்கும் இடமும் உண்டு. 2014 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைஜீரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிட அளவுகோலாக வைக்கும் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. பொருளாதாரம் ஒரே நாளில் 89 சதவீதம் பெரிதாகி, தென்னாப்பிரிக்காவை முந்தியது. செல்போனும் சினிமாவும் அதுவரை கணக்கில் சரியாக ஏறவே இல்லை. ஒரு பிடி சோறு கூடுதலாக யாருக்கும் கிடைக்கவில்லை, ஆனால் உற்பத்தியோடு ஒப்பிட்ட கடன் விகிதம் பாதியளவுக்கு இறங்கியது, வரி வருவாயின் விகிதமும் இறங்கியது. திட்டத்தில் எழுதிய அத்தனை சதவீதத்தையும் மறுபடி போட வேண்டும்.

தேதியும் அப்படித்தான். நைஜீரியாவுக்கு நிதியாண்டு ஜனவரியில், தென்னாப்பிரிக்க அரசுக்கு ஏப்ரலில், கென்யாவுக்கு ஜூலை முதல் தேதி, எத்தியோப்பியாவுக்கு ஜூலை 8. எத்தியோப்பியாவில் வருடத்துக்கு 13 மாதம். கடிகாரமும் காலை ஆறு மணியிலிருந்துதான் தொடங்கும். ‘மூன்று மணிக்குச் சந்திப்பு’ என்று உள்ளூர் அதிகாரி சொன்னதை நம்பி நான் மதியம் மூன்றுக்குப் போய் நின்றேன். அவர் காலை ஒன்பதுக்கே காத்திருந்து போய்விட்டிருந்தார். உங்கள் மகளிடம் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி தலைமை என்பதன் அன்றாடம் கல்யாண வீட்டில் சொல்லும்படி இருக்காது. ஓர் ஆளை வேலைக்கு எடுக்க மாதக்கணக்கில் ஆகும். உறுப்பு நாடுகள் சந்தா கட்டத் தாமதித்தால் பயணம் நிற்கும், காலியிடம் காலியாகவே கிடக்கும். ஆங்கிலத்தில் எழுதியது பிரெஞ்சில் போகும்போது ‘வேண்டும்’ ‘வேண்டியிருக்கலாம்’ ஆகிவிடும், அல்லது நேர்மாறாக. அதை வைத்து ஒரு தூதர் கோபித்துக்கொள்வார். உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் எத்தியோப்பியாவே 2023 டிசம்பரில் 33 மில்லியன் டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் விட்டது. ஆணையத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் நிதி அமைச்சகம் தூரம் அல்ல. ஆனாலும் கூப்பிட்டால்தான் போக முடியும்.

வரி பற்றிய உங்கள் கேள்வி. ஆமாம், இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஐ.நா. ஊழியரின் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் ஐ.நா.வே உள்ளுக்குள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பாதியைச் சொல்லாதீர்கள். கடன் கேட்டு வருவார்கள்.