பேனைக் கிளிப் பற்றிக் கேட்டீர்கள்: என் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய மைப்பேனைகளைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். கிளிப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. நிப்பைப் பற்றிக் கதைக்க எங்கும் ஆள் உண்டு. பேனையைச் சட்டைப்பையில் தாங்கிப் பிடித்திருக்கும் அந்தத் துண்டு உலோகத்தை விசாரிப்பவர்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் சந்தோசமாகப் படித்தேன்.

கொக்குவில்: ஐயா, உங்களுக்கு மிகவும் பிடித்த கிளிப் எது? ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

1920களில் வந்த பார்க்கர் டுவோஃபோல்ட் பேனையின் குண்டுமுனைக் கிளிப். மெல்லிய ஒரு கை, அதன் நுனியில் சின்னக் குண்டு, பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் தலைப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே அது ஒரு வளையமாக முடியும். மூடியின் உச்சியிலுள்ள மொட்டைத் திருகிக் கழற்றினால் கிளிப் தனியே கைக்கு வந்துவிடும். மூடியின் சுவரில் ஓட்டை இல்லை, ஆணியும் இல்லை. வோட்டர்மன் 1905இல் கொண்டுவந்த கிளிப்பை மூடியிலேயே ஆணி தறைந்துதான் பொருத்தினார்கள். அந்த வகையில் கிளிப் தளர்ந்தால் மூடிக்கும் ஆபத்து. பார்க்கரின் வளையக் கிளிப்பில் 1916 என்ற காப்புரிமை ஆண்டு பொறித்திருக்கும். நூறு வருடம் கழித்தும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டக்கூடிய ஒரு பொருளைச் செய்தார்களே, அவர்களை நினைத்துக் கும்பிடத் தோன்றும்.

நுனியில் குண்டு ஏன் என்றால், துணியின் விளிம்பில் உருண்டை வழுக்கி ஏறும். கூர் விளிம்பு நூலை இழுக்கும். வோல் எவர்ஷார்ப் நிறுவனம் அதே 1920களில் இன்னும் ஒரு படி மேலே போய், நுனியில் உண்மையாகவே உருளுகிற சிறு உருளையை வைத்தது. பையில் செருகும்போது அது சுழலுவதை விரலால் உணரலாம். அழகான யோசனை. ஆனால் அந்தச் சந்துக்குள் தூசியும் சேட்டு நூலும் போய் அடைத்துவிடும், அதனால் என் வாக்கு குண்டுக்குத்தான்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: என் அப்பாவின் பார்க்கர் 51, நான் படிக்கும் காலத்தில் பாவித்த ஹீரோ, இரண்டிலும் அம்புக் கிளிப். அம்பு முதலில் யாருடையது?

ரீச்சர், அம்பு பார்க்கருடையது. ஜோசப் பிளாற் என்பவர் வடிவமைத்தார். 1933இல் வக்குமற்றிக் பேனையோடு கடைக்கு வந்தது. 1941இல் வந்த 51உம் அதையே எடுத்துக்கொண்டது. ஷங்காயில் செய்த ஹீரோ 616, பார்க்கர் 51இன் உருவத்தைப் பின்பற்றிய பேனை. உடலோடு அம்பும் கூடவே வந்துவிட்டது. நம் ஊரில் எத்தனையோ பேர் அம்பை முதலில் பார்த்தது ஹீரோவில்தான்.

பேனை முழுவதும் பைக்குள் போனபின் வெளியே தெரிகிற உறுப்பு கிளிப் மட்டுமே. பேனைக்காரர்கள் இதை நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள். எதிரே வருகிறவரின் நெஞ்சில் அம்பைக் கண்டால் பேனையின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. பெலிக்கான் பேனைக் கிளிப், அந்தப் பெயருக்குரிய கூழைக்கடாப் பறவையின் நீண்ட அலகைப் போல இருப்பதும் இதற்காகத்தான்.

அப்பாவின் பேனையை யன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். அம்பின் இறகில் கீறிய மெல்லிய கோடுகள் ஒரு பக்கத்தில் மழுங்கியிருக்கக்கூடும். ஒவ்வொரு நாளும் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்கிற இடம் அது. தயவுசெய்து அதற்குப் பொலிஷ் போட வேண்டாம். கிளிப்பின் தலையில் நீல நிற வைர வடிவம் ஒன்று இருந்தால் அந்தப் பேனை 1940களைச் சேர்ந்தது. வாழ்நாள் உத்தரவாதத்துக்கு அவர்கள் வைத்த அடையாளம்.

சுன்னாகம்: அண்ணா, ஜீன்ஸ் பையில் செருகினால் கிளிப் ஏற மறுக்கிறது. எந்தப் பேனை வாங்கலாம்?

லாமி சஃபாரி வாங்குங்கள், தம்பி. 1980இல் வந்தது, வொல்ஃப்காங் ஃபாபியான் வடிவமைத்தது. கிளிப் ஒரு தடித்த கம்பி வளைவு, கடதாசி கோக்கும் கிளிப்பைப் பெரிதாக்கியது போல. தடித்த துணியிலும் ஏறும். ஆனால் காற்சட்டைப் பையில் பேனையோடு சைக்கிளில் ஏறி இருக்க வேண்டாம்.

சாவகச்சேரி: அப்பப்பாவின் பழைய பேனையில் கிளிப் தளர்ந்து, குனிந்தால் பேனை விழுகிறது. கையால் அமத்திப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூடியில் பூட்டியபடியே கிளிப்பை அமத்தினால் பாரம் முழுவதும் மூடியின் உச்சியில் விழும். பழைய மூடி அங்கேதான் வெடிக்கும். தொழில் பழகிய காலத்தில் ஒரு பெரியவருடைய மூடியை நானே இப்படி வெடிக்க வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

முதலில் உச்சி மொட்டு திருகுகிற வகையா என்று பாருங்கள். அப்படியானால் பழைய சைக்கிள் ரியூபில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, மொட்டைச் சுற்றிப் பிடித்து இடப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். ரியூபின் பிடிக்கு ஈடான கருவி எதையும் நான் காணவில்லை. குறடு போட்டால் மொட்டில் பல்லுத் தடம் விழும். அசையவில்லை என்றால் ஹெயார் ட்ரையரின் குறைந்த சூட்டைக் காட்டி மறுபடி முயலுங்கள். விளக்குச் சுடரை ஒருபோதும் காட்டக் கூடாது. பழைய வண்ணப் பேனைகள் பல செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்ரிக்கால் ஆனவை, நொடியில் தீப்பிடிக்கும். கறுப்பு எபனைற் (கடின இறப்பர்) மூடியைச் சுடுநீரில் போட்டால் பழுப்பு நிறமாகிவிடும், அதுவும் வேண்டாம்.

கிளிப் தனியே வந்தபின் வளையத்தை மரப்பலகையில் அழுத்திப் பிடித்து, கிளிப்புக் கையின் அடிப்பக்கத்தை மட்டும் உள்நோக்கி மிகக் கொஞ்சமாக வளையுங்கள். உலோகம் பாதி வழி திரும்பி வரும். பூட்டிப் பாருங்கள், போதாவிட்டால் மறுபடி கழற்றி வளையுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம். ஒரே தடவையில் கூடுதலாக வளைத்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்ய முயல்வதுதான் கிளிப்பை முறிக்கும். நுனிக் குண்டு மூடியைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும்.

மொட்டு கழலாத வகை என்றால் கத்தியால் நெம்ப வேண்டாம். கொண்டுவந்து தாருங்கள், பார்க்கிறேன்.

பருத்தித்துறை: கடற்காற்றில் கிளிப் நிறம் மாறிவிட்டது. பித்தளை பொலிஷ் போடலாமா?

பொன்முலாம் பூசியது என்றால் வேண்டாம்; முலாம் மிக மெல்லியது, பொலிஷ் அதையே தின்றுவிடும். ஈரமான பருத்தித் துணியால் உப்பைத் துடைத்து உடனே உலர்த்துங்கள். கிளிப்பின் உட்பக்கத்தில், வியர்வைத் துணி படுகிற இடத்தில், பச்சைக் களிம்பு இருந்தால் ஈர்க்கு நுனியால் சுரண்டி எடுக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு லாமி 2000 நல்ல தோழன். 1966இல் வந்த அந்தப் பேனையின் கிளிப் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு; வேரில் வில் இருப்பதால் தளர்வதும் அரிது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், மானிப்பாய்: என்னிடமுள்ள பழைய ஷேஃபரில் கிளிப் மூடியின் உச்சிக்கு மேலாக வளைந்து வருகிறது. பையில் பேனை தெரிவதே இல்லை. யாராவது மாற்றிவிட்டார்களா?

இல்லை, ஐயா; அது மூலக் கிளிப்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவச் சீருடையில் மூடு துணி வைத்துப் பொத்தான் போட்ட பை. அதற்கு மேலே பேனை நீட்டி நிற்கக் கூடாது என்பது விதி. அதற்காகவே பேனை முழுவதும் உள்ளே அமிழும்படி கிளிப்பை உச்சியிலிருந்து வளைத்தார்கள். நல்ல பொருள், கவனமாக வைத்திருங்கள்.

உரும்பிராய்: பைலற் கப்லெஸ் பேனையில் கிளிப் நிப்புப் பக்கம் இருக்கிறதே, எழுத இடைஞ்சல் இல்லையா?

1963இல் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பேனைக்கு மூடி இல்லை. கிளிப் மறுமுனையில் இருந்தால் பையில் நிப்பு கீழ் நோக்கி நிற்கும்; உடற்சூட்டில் உள்ளேயிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும், சேட் போய்விடும். நிப்பு மேலே நின்றால் காற்றுத்தான் வெளியேறும், மை இல்லை. பேனையை மூன்று விரலில் ஒழுங்காகப் பிடிப்பவர்களுக்குக் கிளிப் இரண்டு விரலுக்கு நடுவே அமைந்துவிடும். வேறு விதமாகப் பிடிப்பவர்கள் வாங்குமுன் எழுதிப் பார்க்க வேண்டும்.

நல்லூர்: திருவிழா நாளில் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோடு கோயிலுக்குள் போகும்போது பேனையை எங்கே வைப்பது?

வீட்டில் வையுங்கள். ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியை இடுப்பில் செருகலாம். அதற்குள் மை இல்லை. மைப்பேனை மடியில் படுத்துச் சூடானால் வெள்ளை வேட்டி தாங்காது.

தெல்லிப்பழையிலிருந்து ஒரு தங்கை: எங்கள் உடுப்பில் மேற்பை இல்லை. கிளிப் எங்களுக்கு எதற்கு?

நியாயமான கேள்வி, தங்கை. 1920களில் பெண்களுக்கென்று வந்த சிறிய பேனைகளில் கிளிப் இல்லை. மூடியின் உச்சியில் ஒரு வளையம் இருக்கும், சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணிவார்கள். இன்று கைப்பையில் வைப்பதானால் காவெக்கோ ஸ்போர்ட் பொருத்தம். கிளிப் இல்லாமலே விற்கிறார்கள், வேண்டுமானால் தனியாக வாங்கிப் பூட்டலாம். மூடி எட்டுப் பட்டையாக இருப்பதால் மேசையில் உருளாது. கிளிப்புள்ள பேனைதான் வேண்டுமென்றால் கைப்பையின் உட்பையில் செருகுங்கள். கடைக்குப் போகும்போது அந்தப் பையையே கொண்டுபோய், ஒரு கையால் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கை தேவைப்பட்டால் அந்தப் பேனையை வாங்க வேண்டாம்.