ஐந்நூறு சொல்லில் வில்லுப்பாட்டு

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் எனக்கு ஊர். வில்லுப்பாட்டின் இசையை முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறேன். வட்டார இசைக்கோட்பாட்டு மாநாடு ஒன்றுக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும். 500 சொல்லுக்கு மிகக்கூடாது, எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது என்கிறார்கள். ‘குமரி மாவட்ட வில்லுப்பாட்டின் இசைக்கூறுகள்’ என்ற என் வரைவை இணைத்துள்ளேன். நான் கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை. அதனாலேயே தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஆய்வு மாணவி, தக்கலை

அன்புள்ள மாணவிக்கு,

வரைவில் பாதிக்குமேல் வில்லுப்பாட்டின் பெருமைதான் இருக்கிறது. அதன் தொன்மை, தெற்குத் திருநெல்வேலி தொட்டு நம் மாவட்டம் வரை அது வழங்கும் பரப்பு, வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று கருவிகளின் வரிசை. ஒன்றும் தப்பில்லை. ஆனால் நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது, அதுவும் ஒற்றை வரியாக. சாமி வரும் கட்டத்தில் பாட்டு வேகம் பிடிக்கும்போது உடுக்கையும் குடமும் ஒன்றுபோல வேகம் பிடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முன்மொழிவு அந்த வரிதான். அதை முதல் வரியாக்குங்கள். தலைப்பும் அதிலிருந்தே வரட்டும்.

கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அந்த இடம் தெரியும். முத்துப்பட்டன் கதையில் பட்டன் கொல்லப்படும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கதையை நீட்டி நிறுத்திச் சொல்லிவந்த அண்ணாவியின், அதாவது தலைமைப் பாடகரின், குரல் இறுகுகிறது. அப்போது உண்மையில் என்ன நடக்கிறது? பாட்டின் அடி அப்படியே இருக்க, அடிக்குள் விழும் உடுக்கைத் தட்டுகள் மட்டும் பெருகுகின்றனவா? அல்லது அடியே குறுகிச் சொற்கள் நெருங்குகின்றனவா? குடம் பழைய நடையிலேயே நின்று மற்றவர்களைப் பிடித்து வைக்கிறதா? வேகம் கூடியதுபோல நமக்குத் தோன்றுவது இவற்றில் எதனால் என்று காட்டிவிட்டால், வில்லுப்பாட்டைக் கேட்டேயிராத ஒருவரும் உங்கள் கட்டுரைக்காக உட்கார்ந்திருப்பார். நம் பக்கத்து வில்லுப்பாட்டை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அ.கா. பெருமாள் போன்றவர்கள் ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கதை, சடங்கு, வரலாறு ஆகியவற்றில் அவர்கள் போட்ட பாதை பெரிது. நீங்கள் இறங்க வேண்டியது தாளத்துக்குள். முந்தைய ஆய்வுகளைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்.

கர்நாடக சங்கீதம் பற்றிய பயத்தை விடுங்கள். வரைவில் ஓரிடத்தில் பாட்டை கர்நாடக இசையின் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்துக்குள் அடைக்கப் பார்த்து, மிஞ்சிய தட்டுகளைப் ‘பிசகு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். வருடக்கணக்காகக் கொடைகளில் பாடிவரும் ஒரு குழு ஒரே இடத்தில் ஒரே மாதிரி ‘பிசகினால்’ அது அவர்களுடைய இலக்கணம். அதைக் கண்டுசொல்லத்தானே இசைக்கோட்பாடு? ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலிப்பதிவை அதில் ஏற்றி ஒவ்வொரு தட்டு விழும் நொடியையும் குறித்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடப் பாட்டுக்கு அப்படி ஒரு படம், அடியில் பாட்டு வரி. விதிமுறை அனுமதித்தால் இதைப் பின்னிணைப்பாக வையுங்கள்.

ஆனால் ஒலிப்பதிவு நன்றாக அமைய வேண்டும். சாமியாட்டம் உச்சத்துக்குப் போகும்போது மேளம், குலவை, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்துவிடும். பந்தலுக்கு வெளியே கையில் பிடித்த ஒற்றைக் கைபேசியில் குடத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. குடக்காரர் பக்கத்தில் ஒரு பதிவுக் கருவி, உடுக்கைப் பக்கம் இன்னொன்று வையுங்கள். வைக்கும் முன் கோயில்காரர்களிடமும் குழுவிடமும் கேளுங்கள், எதற்காக என்று விளக்கியும் சொல்லுங்கள்.

பெயர் மறைப்பது மதிப்பீட்டின்போது மட்டும்தான். ‘என் மாமாவின் குழு’ என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப்பெயரும் வேண்டாம். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்குங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டபின் அண்ணாவி, குடக்காரர், பின்பாட்டுக்காரர் எல்லோர் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். ‘தகவலாளி 1’, ‘தகவலாளி 2’ என்று எழுதும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஒரு வித்வானின் கச்சேரியை ஆராய்பவர் அப்படி எழுதுவாரா?

இத்தகைய மாநாடுகளில் பெரும்பாலும் 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி. அந்த 20 நிமிடத்தில் ஒலித்துண்டை ஒருமுறை முழுதாகவும், தட்டுகளைச் சுட்டிக்காட்டியபடி மறுமுறையும் போட நேரம் ஒதுக்குங்கள். இப்படிச் செய்யப்போவதை முன்மொழிவிலும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அனுப்புமுன் அந்தத் துண்டை உங்கள் மாமாவுக்குப் போட்டுக்காட்டி, குடம் ஏன் அங்கே அப்படி நிற்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் அளவீட்டோடு ஒத்துவராவிட்டால் அதையும் எழுதுங்கள். திருத்திய வரைவு வந்ததும் பார்க்கிறேன். ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.