ஆர்க்கைவ் சர்வரில் லோக்கல் டெலிவரி ஊர்கிறது, எங்கே பார்ப்பது?

சிபியு சும்மா கிடக்கிறது, நெட்வொர்க்கிலும் குறை இல்லை, ஆனால் அதே சர்வரில் இருக்கும் ஆர்க்கைவ் மெயில்பாக்ஸில் (அலுவலக மெயில் மொத்தமும் சேரும் பெட்டி) ஒரு மெயில் விழ ஐந்து, பத்து நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்று சொல்லியிருப்பதால் அதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில், எந்த செட்டிங்கையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இரண்டு நாள் போச்சு.

மெயில் லாகைத் திறந்து, டெலிவரி ஆன ஒரு மெயிலின் வரியைப் பாருங்கள். டிலே என்று ஒரு எண்ணும், பக்கத்திலேயே டிலேஸ் என்று சாய்கோடு போட்டுப் பிரித்த நான்கு எண்களும் இருக்கும். நான்கும் விநாடிக் கணக்கு. முதலாவது, மெயில் வந்ததிலிருந்து ஆக்டிவ் கியூவுக்குள், அதாவது டெலிவரிக்கு எடுத்துக்கொண்ட மெயில்களின் வரிசைக்குள், நுழையும் வரை. இரண்டாவது, அந்தக் கியூவில் காத்துக் கிடந்தது. மூன்றாவது, அடுத்த முனையோடு இணைப்பு ஏற்படுத்தியது, டிஎன்எஸ் தேடலும் (சர்வர் பெயரை வைத்து அதன் ஐபி முகவரியைக் கண்டுபிடிப்பது) இதில் அடக்கம். நான்காவது, மெயிலை உண்மையில் கொண்டுபோய்ப் போட்டது. எனக்கு அன்று கிடைத்த வரியில் 0.3/409/0.01/2.6 என்று இருந்தது. ஏழு நிமிடத் தாமதத்தில் 409 விநாடி வெறும் காத்திருப்பு. இதைப் பார்க்காமலேதான் டிஸ்க் போய்விட்டது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் காத்திருக்கிறது? லோக்கல் டெலிவரியில் ஒரே முகவரிக்கு ஒரே நேரத்தில் 2 மெயிலுக்கு மேல் கொடுக்காது, அதுதான் லோக்கல் டெஸ்டினேஷன் கன்கரன்சி லிமிட்டின் டீஃபால்ட். சாதாரண மெயில் சர்வருக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஏனென்றால் அங்கே ஆளுக்கொரு பெட்டி. ஆர்க்கைவிலோ மொத்த அலுவலகத்தின் மெயிலும் ஒரே முகவரிக்கு வந்து ஒரே வாசலில் நிற்கிறது.

சரி, 2-ஐ 20 ஆக்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆக்கினேன். இன்னும் மோசமாயிற்று! இப்போது இரண்டாவது எண் குறைந்து நான்காவது எண் ஏறியது. அந்த முகவரியின் மெயில்பாக்ஸ் எம்பாக்ஸ் வடிவில் இருந்ததுதான் காரணம், அதாவது எல்லா மெயிலும் ஒரே கோப்பில் அடுக்கடுக்காக. அதில் எழுத வேண்டுமானால் கோப்பைப் பூட்ட வேண்டும், பூட்டு கிடைக்காத டெலிவரி சுமார் ஒரு விநாடி தூங்கிவிட்டு மறுபடி தட்டிப் பார்க்கும், டீஃபால்ட்டாக 20 முறை. இருபது பேரை உள்ளே விட்டாலும் சாவி ஒன்றுதான்.

அப்புறம் அந்த மெயில்பாக்ஸ் இருக்கும் ஃபோல்டரை விநாடிக்கு ஒரு முறை லிஸ்ட் எடுக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயில்பாக்ஸ் பெயரோடு ஒரு பூட்டுக் கோப்பு தோன்றும், மறையும், தோன்றும், மறையும். திடீரென்று ஒரு முறை தோன்றியது, நாற்பது விநாடி ஆகியும் போகவில்லை. பிடித்து வைத்திருந்தது போஸ்ட்ஃபிக்ஸ் இல்லை, ஆர்க்கைவ் மென்பொருள். நிமிடத்துக்கு ஒரு முறை வந்து மெயில்களை எடுத்துக்கொண்டு, எடுத்ததை அழிக்கிறது. எம்பாக்ஸில் நடுவில் ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் நகர்த்தி எழுத வேண்டும். யாரோ மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்டை 0 ஆக்கி வைத்திருந்ததால் (டீஃபால்ட் 51200000 பைட்) கோப்பு பல ஜிபிக்கு வளர்ந்திருந்தது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

எனவே உங்களுடையது எம்பாக்ஸா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் மெயில்டிர்-க்கு மாறுங்கள், அதில் மெயிலுக்கு ஒரு கோப்பு, பூட்டே வேண்டாம். ஹோம் மெயில்பாக்ஸ் செட்டிங்கில் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் போதும். அதற்குப் பிறகுதான் 2-ஐ 10 ஆக்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆர்க்கைவ் மென்பொருளே எஸ்எம்டிபி-யில் (சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறை) நேராக மெயில் வாங்கும் என்றால் இடையில் மெயில்பாக்ஸே வேண்டாம், என் ஓட்டு அதற்குத்தான்.

உங்கள் வரியில் மூன்றாவது எண் 5, 10 என்று நின்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள், பதில் சொல்லாத நேம் சர்வருக்காக (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் சர்வர்) லினக்ஸ் 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். முதல் எண் 300-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மெயில் ஒரு முறை தோற்று டெஃபர்டு கியூவுக்கு, அதாவது பிறகு மறுபடி முயல ஒதுக்கிய வரிசைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, காரணம் லாகில் கொஞ்சம் மேலே இருக்கும்.

பூட்டுப் பிரச்சினை இல்லாமலும் நான்காவது எண் பெரிதாக இருந்தால்தான் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் விநாடிக்கு 120 தடவைதான் சுற்றும், ஒவ்வொரு மெயிலையும் டிஸ்கில் இறங்கும் வரை நின்று எழுதினால் விநாடிக்கு நூறு சொச்சத்தைத் தாண்டுவது கடினம். ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் கார்டு) பேட்டரி செத்து, எழுதுவதைத் தற்காலிகமாகத் தாங்கும் ரைட் கேஷ் தானாக அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்சிங்க்கை (எழுதியது டிஸ்கில் இறங்கும் வரை காத்திருக்கும் கட்டளை) அணைத்துவிடு, பறக்கும் என்று யாராவது சொல்வார்கள். கரண்ட் போனால் மெயில் போகும், ஆர்க்கைவில் அதைச் செய்யவே கூடாது.

மாற்றும்போது ஒரு கவனம்: போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, பழைய எம்பாக்ஸில் மிச்சம் இருப்பதை ஆர்க்கைவ் மென்பொருள் முழுவதும் எடுத்து முடித்த பிறகு புதிய பாதையைப் போடுங்கள். நான் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்து, பழைய கோப்பில் மாட்டிக்கொண்ட மெயில்களை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.