படிகமாதல் புரியவில்லை என்பதற்காகப் பாலிமரை விடாதே

தம்பி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். படிகமாதல், அதாவது பாலிமரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வது, அந்தப் பாடம் வந்ததும் தலைகால் புரியவில்லை, பாலிமரை விட்டு வேறு துறைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. அந்த ஒரு பாடம் பிடிபட்டால் இந்தத் துறையின் பாதி வேலை உனக்குப் புரிந்துவிடும்.

பாலிபுரொப்பிலீனை எடுத்துக்கொள். சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) தொங்குகிறது. எல்லாம் ஒரே பக்கமாக அமைந்தால் ஐசோடாக்டிக். அப்போது சங்கிலி சுருள் படிக்கட்டு மாதிரி ஒரே சீராகத் திரும்பும், பக்கத்துச் சங்கிலி அதோடு பொருந்தி அடுக்கிக்கொள்ளும், 160 டிகிரி செல்சியஸ் வரை உருகாத கெட்டிப் பொருள் கிடைக்கும். மெத்தில்கள் தாறுமாறாக இருந்தால் அடாக்டிக், அடுக்கவே முடியாது, கையில் பிசுபிசுக்கும். அணுக்களில் ஒரு வித்தியாசமும் இல்லை! 1954இல் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தார், 1963இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் சீக்ளரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாலிஎத்திலீனில் ஒழுங்கைக் குலைப்பவை சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் பிரியும் கிளைகள்: கிளை குறைந்தது சுமார் 130 டிகிரியில் உருகும், கிளை மிகுந்தது 110 டிகிரியிலேயே இளகிவிடும்.

பெரும்பாலான மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு, நீயும் அங்கேதான் நிற்கிறாய் என்று நினைக்கிறேன். சங்கிலி ஒழுங்காக இருந்தால் படிகமாக முடியும், அவ்வளவுதான். எவ்வளவு ஆகும் என்பது ஆறும் வேகத்தையும் பொறுத்தது. ஒரு பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து அடியின் நடுப்புள்ளியைப் பார். சில பாட்டில்களில் அங்கே மட்டும் வெண்மை படர்ந்திருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடம் அது, தடிமனாக இருப்பதால் மெதுவாக ஆறிப் படிகம் கட்டிவிட்டது. மற்ற இடத்தில் கண்ணாடி போலத் தெளிவு. இந்த வெண்மை ஏன் வந்தது, அச்சின் வெப்பநிலையா, மூலப்பொருளா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நாளை உனக்குச் சம்பளம். நேர்காணலிலும் வரையறையைவிட இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் தயாராக இரு.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். கல்லூரி ஆய்வகத்தில் டி.எஸ்.சி. (DSC) கருவி, அதாவது பொருளைச் சூடாக்கும்போதும் ஆற்றும்போதும் அது வாங்கும், விடும் வெப்பத்தை அளக்கும் கருவி, இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு அரை நாள் வாங்கிக்கொள். ஒரே பெட் மாதிரியை ஒருமுறை சட்டென்று, ஒருமுறை மெதுவாக ஆறவிட்டு, இரண்டையும் மறுபடி சூடாக்கி வரும் வரைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் சொல், எந்தத் துறைக்கு மாறலாம் என்று சேர்ந்தே யோசிப்போம்.